பாப்பாவுக்கு வயது பன்னிரண்டு

எங்கள் ஆபீசில் பாப்பா என்றால் நாற்பதைத் தாண்டிய ஓர் ஆய்வாளர். ஆப் ஸ்டோர்களைக் கண்காணிக்கும் அரசு அலுவலகம் எங்களுடையது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோர் அனுமதி இல்லாமல் எந்த ஆப்பையும் இறக்கக்கூடாது என்பது சட்டம். ஸ்டோர்கள் அதை மதிக்கின்றனவா என்று பார்க்க, பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகப் பதிந்துகொண்டு நாள் முழுக்க கேம் இறக்கிப் பார்ப்பதுதான் அவள் வேலை. கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிவிட்டு அவள் திரையில் பொம்மைக்கு உடை மாற்றுவதைப் பார்த்தால், இதற்கும் சம்பளமா என்று எனக்கு வயிறெரியும்.

சோதனைக்குப் பெற்றோர் எண் ஒன்று வேண்டும். தன் அப்பாவின் எண்ணைக் கொடுத்து, "எது வந்தாலும் வேணாம்னு அமுக்குங்கப்பா" என்று சொல்லிவைத்திருந்தாள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரான அவர் அதைக் கர்மசிரத்தையாகச் செய்துவந்தார்.

ஒருநாள் ஆபீஸ் போன் மக்கர் பண்ணியது. அவசரத்துக்குத் தன் சொந்த எண்ணிலேயே பன்னிரண்டு வயது என்று போட்டு, பெற்றோர் எண்ணாக வழக்கம்போல அப்பாவுடையதைக் கொடுத்துச் சோதனையை முடித்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில் அவளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். அப்பாவுக்கு ஆளைப் பிடிக்கவில்லை. "என்ன கேட்டாலும் தலையை ஆட்டுறான்" என்று புகார். அதிலிருந்து மகளோடு பேச்சை நிறுத்திவிட்டார். பதிவுத் திருமணத்துக்குத் தேதி வாங்க அரசு ஆப் ஒன்று இருக்கிறது. இருவரும் அவரவர் எண்ணிலிருந்து கேட்க வேண்டும். பாப்பா அதை இறக்கப்போனால், 'நீங்கள் சிறுவர். பெற்றோர் அனுமதி தேவை' என்றது. அனுமதி கேட்டாள். கண் மூடித் திறப்பதற்குள், 'மறுக்கப்பட்டது'.

"வயசை மாத்திடேன்" என்றேன்.

"சிறுவர்னு பதிஞ்சா ஒரு வருஷத்துக்கு மாத்த முடியாது. பசங்க ஏமாத்திடுவாங்கன்னு அந்த விதியை எழுதினதே நான்தான்."

இன்னும் ஒரு வருடம் காத்திருக்க அவளுக்குத் தெம்பில்லை. எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் பாவத்துக்கு, சாயங்காலம் துணைக்கு அவள் வீட்டுக்குப் போனேன்.

அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். பாப்பா மறுபடி அனுமதி கேட்டாள். அவர் போன் கிணுகிணுத்தது. அவர் என்னைப் பார்த்துப் பேசினார்.

"கல்யாணப் பதிவுன்னு போட்டிருக்கே. காலையிலயும் இதுதான் வந்துச்சா? நான் படிக்காமலே வேணாம்னு அமுக்கிட்டேன். பழக்கதோஷம்."

"இப்ப படிச்சிட்டு அமுக்குங்கப்பா" என்றாள் பாப்பா. "நான் கட்டிக்கப்போறவர் அதிகம் பேசமாட்டார்தான். ஆனா நான் பேசினா கேக்கறார். இந்த வீட்ல யாரு கேட்டீங்க?"

அப்பா போனைத் தூரமாகப் பிடித்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு விரலை வைத்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் அனுமதின்னு கேக்குது."

"அரைமணி போதும்பா. தேதி வாங்கத்தானே."

"கட்டிக்கிட்டு வாழப்போறே, அரைமணி எந்த மூலைக்கு?" அப்போதுதான் மகளை நேராகப் பார்த்தார். "எப்பவும்னு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுட்டேன்."