எந்தத் தேதியில் வந்தாய்?

நான் பெயிண்டர். எழுதப் படிக்கத் தெரியாத பெயிண்டர். போர்டு வேலை வந்தால் என் கூட்டாளி எழுத்துக்குக் கோடு போடுவான், நான் கோட்டுக்குள் நிறம் நிரப்புவேன். அவன் குடியிருக்கும் இலங்கைத் தமிழர் முகாமின் வாசல் போர்டில் ‘அகதிகள்’ என்பதை அழித்து ‘மறுவாழ்வு’ என்று மாற்றியதும் நாங்கள்தான்.

“இனிமே நீ அகதி இல்லடா” என்றேன்.

“மொதல்ல பெயிண்ட் காயட்டும்” என்றான்.

அவன் கைக்குழந்தையாகப் படகில் வந்தவன். அவன் மகள் பிறந்தது திருவண்ணாமலை பெரியாஸ்பத்திரியில். நர்சு படித்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று வேலைக்குக் கூப்பிட்டு, பாஸ்போர்ட் காட்ட இரண்டு மாசம் டைம் கொடுத்தது. பாஸ்போர்ட்டுக்குக் குடியுரிமை வேண்டும். மனு போட பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். நான் போனது தைரியம் சொல்ல.

“இந்தியாவுக்கு எந்தத் தேதில வந்தீங்க?” என்றார் கடைக்காரர்.

“வரலண்ணா. இங்கியே பொறந்தேன்” என்றாள் மகள்.

“தேதி போடலன்னா அடுத்த பக்கம் போவாதும்மா.”

“பொறந்த தேதியவே போடுங்க” என்றேன் நான். போட்டார். அடுத்த பக்கம் திறந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

“எது வழியா வந்தீங்க? கப்பலா, பிளேனா?”

“அவங்கம்மா வயித்து வழியா” என்றேன். அவள் முறைத்தாள். அடுத்த பக்கம் விசா நம்பர் கேட்டது. என் அறிவு அதோடு தீர்ந்துபோனது.

செங்கம் ரோட்டில் நான் பெயிண்ட் அடிக்கும் கெஸ்ட் ஹவுசில் ஒரு வெள்ளைக்காரர் வருஷக்கணக்காக இருக்கிறார். கீரைக்காரம்மாவிடம் தமிழிலேயே பேரம் பேசுவார். விசாவில் அவர் சுற்றுலாப் பயணியாம். பரவாயில்லை, அவரிடம் நம்பர் இருக்கிறது. என்னிடம் அதுவும் கிடையாது. கீழ்பென்னாத்தூரில் அம்மா பெற்றுப் போட்டாள், இந்தியன் ஆகிவிட்டேன். ஒரு பரீட்சைகூட இல்லை. இருந்திருந்தால் நான் எங்கே பாஸாவது?

மனுவைக் காகிதத்தில் எழுதி கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோனோம்.

“சட்டப்படி நீங்கல்லாம் சட்டவிரோதமா குடியேறினவங்க” என்றார் அதிகாரி. உடனே குரலை இறக்கி, “நாங்க அப்பிடி நெனைக்கலம்மா” என்றார்.

“பொறந்ததே சட்டவிரோதமா சார்?” என்றாள் மகள்.

“அப்பிடி இல்ல.”

“அப்ப குடியுரிம தருவீங்களா?”

“அப்பிடியும் இல்ல. பரிசீலனைல இருக்கு.”

“எத்தினி நாளு?”

“சொல்ல முடியாதும்மா.”

“முடியாதுன்னாவது எழுதிக் குடுங்க சார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்.”

“முடியாதுன்னு எழுத எனக்கு அதிகாரம் இல்ல.”

என் கூட்டாளி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். மகள் நகரவில்லை. கடைசியில் மனுவின் நகலில் ஒரு சீல் குத்திக் கொடுத்தார்.

“இன்னா எழுதியிருக்கு?” என்று வெளியே வந்து கேட்டேன்.

“வாங்கிக்கிட்டாங்களாம் சித்தப்பா.”

அதைத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். மறுநாளே பதில் வந்தது. அவள் வாசித்துக் காட்டினாள். குறித்த தேதிக்குள் பாஸ்போர்ட் வராவிட்டால் வேலை வேறொருவருக்கு என்று ஒரே வரியில் இருந்தது. எனக்கே புரிந்தது.