பினாங்கு விமானத் திடலில் காற்றுக்காகக் காத்திருந்த மதியம்

1938 மார்ச்சில் ஒரு நோயாளிக்குத் துணையாகப் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் போனேன். நான் ஜார்ஜ் டவுனில் தாதியாக, ஊரார் வாயில் 'மிஸ்ஸி'யாக, வேலை பார்க்கிறவள். என்னுடன் வந்த ருக்மணியம்மாள், ஜெலுத்தோங்கில் மரக்கடை வைத்திருப்பவரின் மனைவி. வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. சிங்கப்பூரில் அவருடைய ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. ரயிலென்றால் முதலில் கடலைத் தாண்டிப் பிறை ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அப்புறம் ஒரு பகலும் ஓர் இரவும் குலுங்கிக்கொண்டே போக வேண்டும். அது உடம்புக்கு ஆகாது, விமானத்தில் போங்கள், ஒரு தாதி கூடவே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மைதீன் அண்ணனின் வாடகைக் காரில் கிளம்பினோம். திடல் தீவின் தெற்கே இருக்கிறது. டவுனிலிருந்து பதினோரு மைல், முக்கால் மணி நேரம், வாடகை இரண்டு வெள்ளி. வழியெல்லாம் தென்னையும் வயலும். கார்க் கண்ணாடியை இறக்கியிருந்ததால் ருக்மணியம்மாள் பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பெயர் தேடிக்கொண்டே உற்சாகமாக வந்தார்.

கட்டடம் வெளியிலிருந்து பார்க்க அழகு. வெள்ளைச் சுவர், வளைந்த முனைகள், தட்டையான சிமெண்டுக் கூரை. குளிர் நாட்டில் யாரோ வரைந்து அனுப்பியது போலிருந்தது. மேற்குச் சுவர் முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி. ஒரே மின்விசிறி, அதுவும் டிக்கெட் மேசைக்கு மேலே. திடலைப் பார்த்த பக்கம் ஆழமான நிழலோடு ஒரு வராந்தா இருந்தது. ஆனால் அதற்குப் போகும் கதவு பூட்டியிருந்தது.

இரண்டு மணி விமானம் வரவில்லை. ஈப்போ பக்கம் மேகம் கட்டியிருப்பதாகச் சொன்னார்கள். மூன்று மணிக்கு வெயில் கண்ணாடி வழியாக நேரே பெஞ்சுகளின் மேல் விழுந்தது. ருக்மணியம்மாளின் பேச்சு நின்றது. நெற்றி ஜில்லென்று வியர்த்து, தலை என் தோளில் சாய்ந்தது. தண்ணீர் கேட்டேன், மேசையிலிருந்த தமிழ் குமாஸ்தா தன் கூஜாவையே கொண்டுவந்து கொடுத்தார்.

"தம்பி, அந்தக் கதவைத் திறங்க. அம்மாவ வெளிய உட்கார வைக்கணும்."

"முடியாது லா மிஸ்ஸி. விமானம் வந்தா தூசி எல்லாம் உள்ள வந்துரும்னு பூட்டச் சொல்லியிருக்காங்க."

"விமானந்தான் இன்னும் வரலையே?"

அவர் சங்கடத்துடன் உள்ளே போய் அதிகாரியைக் கூட்டிவந்தார். அதிகாரி வெள்ளைக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் ருக்மணியம்மாளின் முகத்தைப் பார்த்ததும், இந்த நிலையில் இவரை விமானத்தில் ஏற்ற முடியாது, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்றார். ருக்மணியம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. இருந்தும் விஷயம் புரிந்துவிட்டது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

காலையில் நாடி பார்த்தேன், காய்ச்சலும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தார் என்று சொன்னேன். "நீங்கள் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள், ஐயா. அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அவர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார், கண்ணாடிச் சுவரைத் திரும்பிப் பார்த்தார், கைக்குட்டையை எடுத்தார். பிறகு எழுந்து குமாஸ்தாவிடம் சாவிக்காகக் கையை நீட்டினார்.

வராந்தாவில் கடற்காற்று சிலுசிலுவென்று வந்தது. பெஞ்சை நானும் குமாஸ்தாவும் தூக்கிப் போட்டோம். மற்றப் பயணிகளும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ருக்மணியம்மாளின் சேலையைத் தளர்த்தி, கால்களை உயர்த்தி வைத்து, முகத்தைத் துடைத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் முகத்தில் களை திரும்பியது. விமானம் இறங்கியபோது அதிகாரி மறுபடி வந்து பார்த்தார். ருக்மணியம்மாள் எழுந்து நின்று அவருக்குக் கும்பிடு போட்டார். அவர் விமானத்தின் படிக்கட்டைக் காட்டினார்.

எட்டுப் பேர் உட்காரும் சின்ன விமானம். சத்தம் அதிகம், ஆனால் மேலே போனதும் குளிர்ந்துவிட்டது.

வயதானவர்களையோ உடம்புக்கு முடியாதவர்களையோ அழைத்துப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை விமானம் கிடைத்தால் அதில் போங்கள். நல்ல தண்ணீரும் விசிறியும் கையில் இருக்கட்டும். மேலே போர்த்த ஒரு சால்வையும் வேண்டும். உடுத்தப் பட்டு வேண்டாம், பருத்தி போதும். விமானம் தாமதம் என்று தெரிந்தால் வராந்தாவைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். புதிய கட்டடம் கட்டுகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பயணி விமானத்தில் இருக்கும் நேரத்தைவிடச் சில நாள் உங்கள் கூடத்தில் இருக்கும் நேரம் அதிகம். மேற்கே சுவரும் நிழலும் வையுங்கள், காற்று வரும் பக்கம் கதவு வையுங்கள்.

சிங்கப்பூரில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ருக்மணியம்மாள் என் கையை விட்டுவிட்டுத் தானே நடந்தார். மருமகன் ஓடிவந்தார்.

"பொறந்துருச்சா மாப்பிள்ளை?"

"இன்னும் இல்ல அத்தை. வலி மத்தியானந்தான் ஆரம்பிச்சிருக்கு. உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. நீங்க கொஞ்சம் உட்கார்ந்து இளைப்பாறிட்டு வாங்க."

"நான் உட்கார்ந்தது போதும்" என்று சொல்லிவிட்டு, அவர் எங்களுக்கு முன்னால் காரைப் பார்த்து நடந்தார்.