துட்டிக்குக் கட்டிய கூடம்

கோவில்பட்டியில் ராதாமணியின் தெருவுக்குப் போய், கல்யாணக் கூடம் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வழி கிடைக்கும், கூடவே ராதாமணியிடமிருந்து ஒரு வசவும் கிடைக்கும். "அது கல்யாணக் கூடம்னு ஒமக்கு யாரு சொன்னா? துட்டிக்குக் கட்டுன கூடம்யா அது" என்பாள். துட்டி என்றால் அந்தப் பக்கத்தில் சாவு. நல்ல காரியத்துக்கு வந்தவரிடம் இப்படியா பேசுவது என்று யாராவது கேட்டுவிட்டால் இன்னும் இரண்டு வசவு விழும்.

அவள் கோபம் நியாயமான கோபம். ராதாமணி தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவள். புருஷன் பூவனலிங்கம் லாரியில் மூட்டை ஏற்றி இறக்கியவர். மகள் சுகுணா தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்த காலத்தில் அவர் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். உடலை வேனில் கொண்டுவந்து இறக்கினால், வீட்டுச் சொந்தக்காரர் வாசலில் குறுக்கே நிற்கிறார். "வெளிய செத்த ஆளு உள்ள வரக்கூடாதும்மா. நாளைப்பின்ன இந்த வீட்டுக்கு எவன் குடிவருவான்?" என்றார். உயிரோடு இருந்தவரைக்கும் வாடகை கேட்டு வாங்கிய அதே வாய். அன்றைக்குப் பார்த்து மழை வேறு. பெண்கள் ஆளுக்கு ஒரு மூலையாகத் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பூவனலிங்கம் நடுத்தெருவில் பெஞ்சில் கிடந்தார். ராதாமணிக்கு அழக்கூட நேரம் இல்லை. தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கம்பால் தள்ளிவிடவே சரியாக இருந்தது.

பதினாறாம் நாள் விசேஷம் கழிந்த கையோடு, துட்டிக்கு ஒரு கூடம் கட்டணும் என்று அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு தெருக்கோடிப் புறம்போக்குக்குப் போய் வேலிக்கருவையை வெட்ட ஆரம்பித்தாள். புருஷன் போன துக்கத்தில் புத்தி பேதலித்துக் கோட்டி பிடித்துவிட்டது என்று பேசினார்கள். பேசியவர்களில் ஒருத்தியான பக்கத்து வீட்டு மாரிசெல்வி மறுநாள் தன் அரிவாளோடு வந்து நின்றாள். பிறகு தெருவே வந்தது. எல்லோருமே வாடகைக் குடித்தனம்தானே, நாளைக்கு யாரைத் தெருவில் போடுவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. கரிசல் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்கு வாய் பிளக்கும். அதில் சுவர் நிற்காது என்பதால் ஆள் மட்டத்துக்குத் தோண்டி அள்ளிவிட்டுச் சரளை மண்ணைக் கொட்டினார்கள். சுவர் எழுப்பியவர் கொத்தனார் மிக்கேல்ராஜ். அவரும் வாடகைக் குடித்தனம், கிறிஸ்தவர். கூலி வேண்டாம், நேரத்துக்கு டீ மட்டும் வரணும் என்று சொல்லிவிட்டார். டீ தாமதமானால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார், அது வேறு விஷயம்.

முதலில் தகரக் கூரைதான். நகராட்சி ரொம்ப நாள் கழித்துத் தளம் போட்டு, சமுதாய நலக்கூடம் என்று பலகை மாட்டியது. ஆனால் துட்டி வைக்கிற இடத்தில் நல்ல காரியத்துக்கு யார் வருவார்கள்? ராதாமணி வந்தாள். சுகுணாவுக்கு அங்கேதான் காது குத்தினாள். துட்டிக் கூடத்தில் காதுகுத்தா என்று மூக்கில் விரல் வைத்தவர்கள் எல்லாம் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு காலையில் துட்டி என்றால் கழுவிவிட்டு மறுநாள் வளைகாப்பு என்பது அந்தத் தெருவுக்குப் பழகிப்போயிற்று.

கெடுத்தது டைல்ஸ்தான். ஹார்டுவேர்ஸ் கடை சௌந்தரபாண்டியன் கூடத்துக் கமிட்டிக்குத் தலைவரானார். கெட்ட மனுஷன் இல்லை. தன் கடைச் சரக்கிலேயே டைல்ஸ் ஒட்டினார், மின்விசிறி மாட்டினார், இரும்புக் கதவும் பூட்டும் போட்டார். அப்படியே சுவரில் 'நல்ல காரியங்களுக்கு மட்டும்' என்றும் எழுதிவைத்தார். ராதாமணி சுண்ணாம்பை எடுத்துப்போய் அதை அழித்தாள். அவர் மறுபடி எழுதினார். அவள் மறுபடி அழித்தாள். சுவர்தான் பாவம். பூட்டை மட்டும் அவளால் அசைக்க முடியவில்லை. பிறகு அந்தத் தெருக்காரர்கள் இறந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குப் போனார்கள்.

இந்த வருஷம் சுகுணாவுக்கு வரன் அமைந்தது. அவள் புதியம்புத்தூரில் ரெடிமேட் கம்பெனியில் தைக்கிற பெண். அப்பா இல்லாத வீடு, சொந்த வீடு இல்லாத வீடு என்று தட்டிக்கொண்டே போய், கடைசியில் கடம்பூரில் போளிக் கடை வைத்திருக்கும் லிங்கராஜ் கூடிவந்தான். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பூ வைப்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் அம்மா வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு உறுதியான மாதிரி.

சனிக்கிழமை காலையில் மிக்கேல்ராஜ் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

வேன் தெருவுக்குள் வந்து நின்றது. அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரும் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். மகள் வினோலியா சென்னையிலிருந்து வந்து முகம் பார்க்க வேண்டும், அதுவரைக்குமாவது வைக்க ஓர் இடம் வேண்டும். அவர் மனைவி எஸ்தர்ராணி வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு ராதாமணியை மட்டும் பார்த்தாள்.

ராதாமணி நேரே ஹார்டுவேர்ஸ் கடைக்குப் போனாள். பின்னாலேயே பாதித் தெரு போனது.

"அண்ணாச்சி, சாவியக் குடுங்க."

சௌந்தரபாண்டியன் சத்தம் போடவில்லை. மேசையைத் திறந்து சாவியை எடுத்து அவள் கையிலேயே வைத்தார். "இந்தா தாயி. நாளைக்கு ஒன் மகளுக்குத்தான் அங்கன பூ வைக்காவ. தொறக்கதும் தொறக்காததும் ஒன் பாடு. நான் குறுக்க நிக்கல" என்றார்.

கெட்டிக்காரர். இத்தனை நாள் அவரோடு மல்லுக்கு நின்றவளுக்கு இப்போது எதிராளியே இல்லாமல் போயிற்று. அடுத்தவன் பூட்டை உடைப்பது எளிது. மகளின் கல்யாணத்தை வைத்து வீம்பு காட்ட எனக்கு என்ன உரிமை என்று நினைத்தாள். கூட்டத்தில் நின்ற சுகுணாவைப் பார்த்தாள். வாயைத் திறப்பதற்குள் சுகுணா முந்திக்கொண்டாள்.

"எங்கிட்டக் கேக்காத. கேட்டேன்னா வேண்டாம்னுதான் சொல்லுவேன். அதனால கேக்காதம்மா. போய்த் தொற."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டைப் பார்த்துப் போய்விட்டாள். அழுதுகொண்டுதான் போனாள். ராதாமணி கூடத்தைத் திறந்தாள். மிக்கேல்ராஜைக் கொண்டுவந்து, அவர் எழுப்பிய சுவர்களுக்கு நடுவில், காற்று வருகிற இடமாகப் பார்த்துக் கிடத்தினார்கள். பெண்கள் ஜெபமாலை சொன்னார்கள். வினோலியா வந்து சேர்ந்த பிறகு மாதா கோவிலுக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் எடுத்துப்போனார்கள்.

இதற்கிடையில் ராதாமணி கடம்பூருக்குப் போன் போட்டாள். "மதினி, இன்னைக்குக் கூடத்துல ஒரு துட்டி. கழுவிவிட்டு நாளைக்கு அங்கனதான் பூ வைப்பு. அடுத்தாளு சொல்லி நீங்க கேக்கதுக்கு முன்ன நானே சொல்லுதேன்."

மாப்பிள்ளையின் அம்மா கல்யாணசுந்தரி, "எங்க ஆளுகட்டக் கலந்துக்கிட்டுச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டாள். அப்புறம் போன் வரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரம் தாண்டிப்போனது. சாம்பார் ஆறியது. இந்தச் சம்பந்தமும் போச்சு என்று மாரிசெல்வியே முணுமுணுத்தாள். அப்புறம்தான் கடம்பூர் வேன் வந்தது. இறங்கியவர்கள் கூடத்துக்குள் வராமல் கதவுக்கு வெளியிலேயே நின்றார்கள். கல்யாணசுந்தரி மட்டும் எட்டிப் பார்த்தாள்.

"எந்த எடத்துல கெடத்தியிருந்தாவ?"

பொய் சொல்லியிருக்கலாம். எங்கேயோ ஒரு மூலையைக் கைகாட்டியிருக்கலாம். ராதாமணி நடுக்கூடத்தைக் காட்டினாள். "அந்தா, அங்கன."

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே வந்து, நடுவில் விரித்திருந்த ஜமுக்காளத்தைச் சுருட்டி எடுத்து, தள்ளிப்போய் ஓரத்தில் விரித்தார்கள். பெண்ணை அங்கே உட்காரச் சொன்னார்கள்.

பட்டுச்சேலை கட்டிய சுகுணா அந்த ஜமுக்காளத்தைத் தாண்டி நடந்தாள். நேரே நடுக்கூடத்துக்குப் போய், மிக்கேல்ராஜ் கிடந்த அதே இடத்தில், வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, பூ வைக்கதா இருந்தா இங்கன வந்து வைங்க. மனசு ஒப்பலன்னா சாப்புட்டுட்டுப் போங்க. கோவமில்ல" என்றாள். கண்ணைத் தாழ்த்தவில்லை.

மாப்பிள்ளையின் மாமா ஒருவர் விறைத்துக்கொண்டு வேனுக்கே திரும்பிப் போனார். கல்யாணசுந்தரி தட்டிலிருந்த பூவைப் பார்த்தாள். வேனைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்திருந்தவளை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பூவை எடுத்துக்கொண்டு நடந்து வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"தலைய இம்புட்டு வெறப்பா வச்சிருந்தா பூவ எங்கிட்டுடி வைக்க? கொஞ்சம் குனி" என்றாள்.