சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு ஒரு ரிக்கெற்

ரிக்கெற் விற்கிற தொழிலில் விமானத்தால் வருகிற தலையிடி கொஞ்சம்தான். அதில் ஏறப்போகிறவர்களால் வருகிற தலையிடிக்குத்தான் மருந்து கிடையாது. டென்மார்க்கில், அல்பர்ட்ஸ்லுண்டில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையின் பின்மூலையில், அரிசி மூட்டைகளுக்கும் உறைந்த மீன் கிடக்கிற பெட்டிக்கும் நடுவில் மேசை போட்டு நான் இந்தத் தொழிலைச் செய்கிறேன். கொழும்பு, சென்னை, லண்டன், ரொறொன்ரோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு ரிக்கெற் போடுவேன். என்னைப்போல ஒரு மேசைக்குப் பின்னால் இருந்து, "இதைவிட மலிவா ஒண்டும் இல்லையோ" என்ற கேள்வியோடு காலம் தள்ளுகிறவர்களுக்கு நான் சொல்லப்போவது நல்லாய் விளங்கும். போன வருடக் கோடையில் மலர் அக்கா வந்து என் மேசைக்கு முன்னால் இருந்தார். அன்று தொடங்கியதுதான் இவ்வளவும்.

எல்லா ஊரிலும் ஒரு குசினி

மலர் அக்கா இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் கனகாலம் வேலை செய்து, அப்போதுதான் பென்சன் எடுத்திருந்தார். வந்து இருந்தவர், "எனக்கு ஒரு ரிக்கெற் வேணும் பிள்ளை. மலிவா இருக்கவேணும். எங்கட சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லாத ஊரா இருக்கவேணும்" என்றார். என் மேசைக்கு வருகிறவர்கள் எல்லாரும் "அங்க எங்கட ஆக்கள் இருக்கினமோ" என்று ஆசையோடு கேட்பவர்கள். இப்படி ஒரு கேள்வியை நான் அதுவரை கேட்டதில்லை. ஏன் அக்கா என்றேன். "லண்டனுக்குப் போனா தம்பி வீட்டுக் குசினியில சமையல். பாரிசுக்குப் போனா மச்சாள் வீட்டுக் குசினி. ரொறொன்ரோவில குசினி கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான் வித்தியாசம். நான் இன்னும் ஒரு ஊரும் பாக்கேல்லை."

கணினியில் வரைபடத்தை விரித்தேன். ரோமில் மருமகனின் ஒன்றுவிட்ட தமையன் இருந்தார். வியன்னாவில் அக்காவோடு படித்தவர் இருந்தார். மலிவு என்றால் பால்கன் பக்கம் போகவேண்டும் என்று சொல்லிக் கீழே இறங்கினேன். சோபியாவில், எங்கள் கோயிலில் பூக்கட்டுகிறவவின் மகன் வைத்தியம் படித்துக்கொண்டிருந்தான். திரானாவுக்குக் கோயில் ஆட்கள் கூட்டமாகவே போய்விட்டு வந்திருந்தார்கள். மிச்சம் இருந்த இடத்தில் அக்கா விரலை வைத்து எழுத்துக்கூட்டினார். வட மக்கெடோனியாவின் தலைநகரம், ஸ்கோப்யே என்றேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார், இரண்டு தரமும் வாய் வழுக்கியது.

"வாயில வராத ஊருக்கு எங்கட ஆக்கள் வரமாட்டினம். அதையே போடு பிள்ளை."

தொழில் இரகசியம்

மறுநாளே அவருடைய புருசன் தவராசா அண்ணை கடைக்கு வந்தார். முருங்கைக்காய்க் கட்டை எடுக்கிறார், வைக்கிறார், திரும்ப எடுக்கிறார். கண் முழுக்க என் மேசையில்.

இவர்கள் இரண்டு பேரையும்பற்றிச் சொல்லவேண்டும். அண்ணை ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் இரவு வேலை. அக்காவுக்கு எப்போதும் காலை வேலை. அவர் வந்து சப்பாத்தைக் கழற்ற, இவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவார். பிள்ளையை வளர்த்து, வீடு வாங்கி, முப்பது வருடத்துக்கு மேல் வாசலிலேயே குடும்பம் நடத்தினார்கள். இப்போது இரண்டு பேருக்கும் பென்சன். ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் முழித்திருப்பது எப்படி என்று இருவருக்கும் தெரியவில்லை. தேத்தண்ணிக்கு எவ்வளவு சீனி என்பதிலேயே பிரச்சினை என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

கடைசியில் அண்ணை மேசைக்கு வந்தார். "மலர் வந்தவவோ?" நான் சிரித்துச் சமாளித்தேன். ஒருவர் போகிற ஊரை இன்னொருவருக்குச் சொல்லக்கூடாது, புருசனாக இருந்தாலும். கோபத்தில் வந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். அவரோ குரலைத் தாழ்த்தி, அங்கே குளிரோ, தடித்த சுவெற்றர் தேவைப்படுமோ என்று கேட்டார். செப்டெம்பர் கடைசியில் அந்தப் பக்கம் இதமாக இருக்கும் என்று, எந்தப் பக்கம் என்று சொல்லாமல் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனவர், முருங்கைக்காயை என் மேசையிலேயே விட்டுவிட்டார். எடுக்கத் திரும்பி வந்தபோது கேட்டார்:

"ஒரு ரிக்கெற்தானோ போட்டவ?"

அரிசி மூட்டைப் பக்கம்

அந்தக் கிழமை முழுக்க எனக்கு நிம்மதி இல்லை. அக்கா பணம் கட்டவில்லை, பெயர் மட்டும்தான் தந்திருந்தார். விலை ஏறப்போகிறது என்று போன் பண்ணினேன். சனிக்கிழமை வந்தார், பின்னால் கூடையோடு அண்ணையும் வந்தார். நான் விபரம் சொல்லத் தொடங்கினேன். பள்ளி விடுமுறை முடிந்தபிறகு, கிழமை நடுவில் போனால் மலிவு. கோப்பன்ஹேகனில் ஏறாமல் பாலத்தைத் தாண்டி சுவீடனில், மால்மோவில் ஏறினால் இன்னும் மலிவு. பழைய கடைத்தெருவுக்குள் சின்ன விடுதி, எல்லா இடமும் நடந்து பார்க்கலாம்.

அண்ணை அரிசி மூட்டை ஒன்றைத் தட்டிக்கொண்டு நின்றார். பிறகு மூட்டையைப் பார்த்தபடியே, "நானும் வரட்டோ" என்றார். மூட்டை பதில் சொல்லும் என்று நினைத்தாரோ தெரியாது. நான் கணினிக்குள் முகத்தைப் புதைத்தேன். வரிசையில் நின்ற ஒருவர் பருப்புப் பையின் பின்பக்கத்தை அக்கறையோடு வாசிக்கத் தொடங்கினார். மலர் அக்கா திரும்பி அண்ணையை நல்லாய்ப் பார்த்தார். அவர் தனியாகப் போக விரும்பியது புருசனில் இருந்த கோபத்தால் இல்லை, வீட்டு வேலையில் இருந்து தப்புவதற்கு என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

"வாங்கோ. ஆனா நான் சமைக்கமாட்டன், உங்கட உடுப்பு அடுக்கமாட்டன், மருந்துக் குளிசை போட்டாச்சோ எண்டு கேக்கமாட்டன்."

பிஸ்கட் பெட்டி

மலிவு விமானத்தில் ஒரு சின்னப் பைதான் இலவசம், இருக்கைக்குக் கீழே அடங்கவேண்டும். இதை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது லேசான காரியம் இல்லை. கொழும்புக்குப் போகிறபோது தராசு முள் உடைய உடையக் கட்டிப் பழகினவர்கள். அக்காவும் கறித்தூள், ஊறுகாய், இஞ்சி, ஒரு சின்ன ரைஸ் குக்கர் என்று தொடங்கினார். சமைக்கமாட்டேன் என்றீர்களே என்றேன். "அது சும்மா ஒரு துணைக்கு" என்றார்.

அண்ணை ஒரு வேலை செய்தார். தொழிற்சாலையில் காலம் முழுக்கப் பெட்டி அடித்தவர் அல்லவா. கடையில் கிடந்த பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டி, விமானக் கம்பனி சொல்லும் அளவுக்கு ஒரு பெட்டி செய்துகொண்டு வந்து என் மேசைக்குப் பக்கத்தில் வைத்தார். இதற்குள் பை இறங்கினால் விமானத்துக்குள்ளும் இறங்கும். அன்று கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் தங்கள் பைகளை இறக்கிப் பார்த்தார்கள். விமானத்தில் போக யோசனையே இல்லாத ஒருவர் மரக்கறிப் பையை இறக்கிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று சந்தோசப்பட்டார். அக்காவின் பை இறங்கவில்லை. குக்கர் வெளியே வந்தது. திரும்பவும் இறங்கவில்லை. ஊறுகாய் வெளியே வந்தது. கடைசியில் பை வழுக்கிக்கொண்டு உள்ளே போக, அக்கா ஒரு பெருமூச்சு விட்டார்.

"இவ்வளவு கொஞ்சத்தோட சீவிக்கலாம் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

விடுதிக்காரி

பழைய கடைத்தெருவில் நான் பிடித்த விடுதியை வெஸ்னா என்ற பெண் நடத்துகிறார். கனகாலம் ஜெர்மனியில் வேலை செய்தவர். எனக்குத் தெரிந்தது டென்மார்க் பள்ளிக்கூடத்தில் படித்த ஜெர்மன். அதில் எனக்கு நல்லாய் வருகிற ஒரே வசனம் "என் நாய் தோட்டத்தில் நிற்கிறது." அதை வைத்துக்கொண்டு அண்ணையின் முழங்கால் நோவைச் சொல்லி, கீழ்த்தளத்தில் அறை கேட்டேன். நாய்க்கு முழங்கால் நோவோ என்று வெஸ்னா கேட்டார். ஒருமாதிரி ஆட்களைத் தெளிவாக்கினேன்.

காலைச் சாப்பாட்டுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். உறைப்பு என்றேன். பயந்துவிடுவாரோ என்று நினைத்து, கட்டாயம் இல்லை என்று இழுத்தேன். அவர் சொன்ன பதிலை அப்படியே தமிழில் தருகிறேன்.

"செப்டெம்பர் முடிவில் எங்கள் ஊர் முழுக்க மிளகாய் சுடுகிற மணம்தான், வந்து மூச்சை மட்டும் இழுக்கச் சொல்லுங்கள்."

மோர் எங்கே

டேனிஷில் அம்மாவை மோர் என்றும் அப்பாவை ஃபார் என்றும் கூப்பிடுவார்கள். இங்கே பிள்ளை வளர்த்த தமிழர்களில் பலர், "மோர்" என்று குழந்தை முதன்முதல் கூப்பிட்டபோது குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள்தான். மலர் அக்காவின் மகள் அபிரா கோப்பன்ஹேகனில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அம்மாவும் அப்பாவும் போய் இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டாள். "சுகி அன்ரி, மோர் போன் எடுக்கேல்லை. ஃபாரும் எடுக்கேல்லை. காலமை துடங்கி அடிக்கிறன்." மிச்சம் எல்லாம் டேனிஷில், வேகமாக. யாரையும் தெரியாத ஊருக்கு ஏன் அனுப்பினீர்கள் என்பதுதான் அதன் சாராம்சம். சொந்தக்காரர் இல்லாத ஊர் வேண்டும் என்று கேட்டபோது நல்ல பகிடியாகத்தான் இருந்தது. இப்போது போய்ப் பார்க்கச் சொல்வதற்கு ஒரு ஒன்றுவிட்ட தமையன்கூட அங்கே இல்லை.

வெஸ்னாவுக்குப் போன் அடித்தேன். அவர் சிரித்துக்கொண்டு, இரண்டு பேரும் முற்றத்தில் இருக்கிறார்கள், போனைத் தொட முடியாது என்றார். ஏன் என்று கேட்கமுதல் ஒரு படம் வந்தது. தகரத்தில் வைத்துச் சுட்ட பெரிய சிவப்பு மிளகாய்கள் சட்டி சட்டியாக. அவற்றின் தோலை உரித்து, அரைத்து, போத்தலில் அடைத்து மாரிகாலத்துக்கு வைப்பார்களாம். சமைக்கமாட்டேன் என்று சபதம் எடுத்த மலர் அக்கா சட்டைக்கையை மடித்துவிட்டு உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், முழங்காலில் ஒரு கோப்பையை வைத்து உரித்தபடி தவராசா அண்ணை. இரண்டு பேருக்கும் மணிக்கட்டுவரை சிவப்பு. ஒரு சொல்லும் விளங்காத மூன்று அயல்வீட்டுப் பெண்கள் அண்ணைக்கு எதையோ சுட்டிக்காட்டித் திருத்திக்கொண்டிருந்தார்கள். படத்தை அபிராவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவளுடைய குரல் வந்தது, இந்த முறை முழுவதும் தமிழில்.

"அன்ரி, குசினி வேலை செய்யிற அந்த மனுசன் உண்மையா என்ர அப்பாதானோ?"

போத்தல்

திரும்பி வந்த மூன்றாம் நாள் அண்ணை தனியாகக் கடைக்கு வந்தார். மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். கல்லுப் பாலம், ஆற்றங்கரை முழுக்க நிற்கிற சிலைகள், மலைக்கு நடுவில் படகில் போனது, சின்னக் கிளாசில் தேத்தண்ணி, எல்லாம் சொன்னார். மறியல் கைதிபோல முருங்கைக்காயோடு நின்ற மனுசனா இது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளிக்கிடுகிற அன்று வெஸ்னா ஒரு பெரிய போத்தல் மிளகாய்ச் சாந்து கொடுத்திருக்கிறார். விமான நிலையத்தில் பையைச் சோதிக்கிற இடத்தில், இது தண்ணிச் சாமானுக்குள் அடங்கும், கொண்டுபோக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். குப்பைப் பெட்டி பக்கத்தில் இருந்தது. அக்கா போத்தலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அசையவில்லையாம். தன் கையால் உரித்தது. அண்ணை திரும்பி நடந்துபோய்ப் பாண் வாங்கிக்கொண்டு வந்தார். வரிசைக்கு வெளியே நின்று இரண்டு பேரும் பாணைப் பிய்த்துப் பிய்த்துச் சாந்தில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். பிறகு ஒரு பாட்டனாருக்கு. கடைசியில், கொண்டுபோகக்கூடாது என்று சொன்ன அதிகாரியே வந்து ஒரு துண்டுப் பாணோடு நின்றாராம். அந்த ஆளைப் பார்த்ததும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிடிக்க முடியாத சிரிப்பு. சுவரில் சாய்ந்து, கண்ணைத் துடைத்து, திரும்பவும் சிரித்து, அண்ணையின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தாராம்.

அண்ணை தன் கையைப் புரட்டிப் பார்த்தார். நகத்தடியில் இன்னும் சிவப்பு இருந்தது.

"இவ்வளவு வருசம் கட்டி வாழ்ந்தும், இவ இப்பிடிச் சத்தமாச் சிரிக்கிறவ எண்டு எனக்கு அண்டைக்குத்தான் பிள்ளை தெரிஞ்சது."

ஊர் பார்க்கப் போகிறவர்களில் பாதிப்பேர் கூட வந்த ஆளைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும், அதற்குத் தனியாக ஒரு கட்டணம் போட எந்த விமானக் கம்பனியும் இன்னும் யோசிக்காததுதான் எங்கள் அதிர்ஷ்டம்.