கூரைமேல் கோமகி

ஜப்பானில் தோபாதா, வகமட்சு என்ற எதிரெதிர்க் கரைகளுக்கு நடுவே ஓடும் படகில் தோகுஜி முப்பது வருஷத்துக்கு மேல் இயந்திரம் பார்த்தவர். கரையிலிருந்து கரைக்குப் போக ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம்கூட ஆகாது. "எங்க வீட்டுக்காரர் கப்பல்காரர்தான். என்ன, கடலுக்குத்தான் போனதில்ல" என்று அவர் மனைவி சுமியே அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இலையுதிர்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். வீட்டில் சாமான்கள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. பேச்சுத்தான் இல்லை.

ஒரு சாயங்காலம் மகள் நாவோ வேலையிலிருந்து வரும் வழியில் ஒரு துண்டுப்பிரசுரத்தோடு வந்தாள். குராமொச்சி ஏஜி என்பவர் ஐம்பது வருஷமாக வரைந்த சித்திரக்கதைகளின் கண்காட்சி, நகர அருங்காட்சியகத்தில். முகப்புப் படத்தில் ஒரு பெண் ஓட்டுக் கூரையின் உச்சியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாதானே இது?"

தோகுஜி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "யாரோ வரைஞ்ச பொம்மை."

"பொம்மைக்கு எதுக்குப்பா அம்மாவோட தெத்துப்பல்லு?"

புத்தாண்டு விருந்தில் இரண்டு கிண்ணம் சாக்கே மது உள்ளே போனதும் சுமியே சொல்வதுண்டு: "நான் ஒரு காலத்துல கதாநாயகி, தெரியுமா? பாதி ஜப்பான் என்னை வாரா வாரம் படிச்சுது." எல்லோரும் சிரிப்பார்கள். எல்லோரையும்விட அவள்தான் அதிகமாகச் சிரிப்பாள். அதனால் யாரும் மேலே கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் டோக்கியோவில் ஒரு நூடுல்ஸ் கடையில் வேலை பார்த்தாள், வீடு வீடாகக் கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். பெண் பார்க்கப் போனபோது அவளுக்கு இருபத்தாறு வயது. அதற்கு முந்தின சுமியேவை அவர் பார்த்ததே கிடையாது.

மறுநாளே அருங்காட்சியகத்துக்குப் போனார். சுவர் முழுக்க அவள். கதையில் அவள் பெயர் கோமகி. கூரைக்குக் கூரை தாவித் திருடர்களைப் பிடிக்கிறவள். யோசிக்கும்போது காது மடலை இழுக்கிறாள். செருப்பு வாரைப் போடக் குனிந்தால் நாக்கு நுனி வெளியே வருகிறது. ஆரஞ்சுத் தோலை அறுபடாமல் ஒரே சுருளாக உரிக்கிறாள். இதெல்லாம் அவருக்குத் தெரிந்தவை; ஒவ்வொரு சட்டத்தின் முன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டே நகர்ந்தார். கடைசி அறையில் ஒரு பெரிய படத்தின் முன் நின்றுவிட்டார். தெருவில் நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து, மேலே பார்த்துச் சீட்டியடிக்கிறாள் கோமகி. கண்ணில் அப்படி ஒரு குறும்பு.

சுமியே சீட்டியடித்து அவர் கேட்டதில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டை நகர்த்தி வைத்தார். "யாரைப் பார்த்து அடிக்கிறா அவ?" என்றார் மகளிடம்.

"எழுபது தாண்டியாச்சு. இப்பப் போய்ப் பொறாமையாப்பா?"

"பொறாமை இல்ல. எனக்குத் தெரியாம ஒண்ணு இருந்திருக்கே."

ஞாயிற்றுக்கிழமை குராமொச்சியே வந்து பேசப்போவதாக அறிவிப்பு இருந்தது. நாவோவும் கூடவே கிளம்பினாள். பேச்சு முடிந்து கையெழுத்துக்கு நின்ற வரிசையில் தோகுஜி கடைசி ஆளாக நின்றார். குராமொச்சிக்கு எண்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு.

"யார் பேருக்குப் போடட்டும்?"

"கையெழுத்து வேணாங்க. ஒண்ணு கேக்கணும். சுமியே நிஜமாவே சீட்டியடிப்பாளா?"

கிழவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க?"

"அவ புருஷன்."

"உட்காருங்க" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினார். பிறகு சொன்னார்: "நான் நாலாவது மாடியில இருந்தேன். லிஃப்ட் கிடையாது. நூடுல்ஸ் கொண்டாந்து கீழ நின்னு சீட்டியடிப்பா. நான் கயித்துல கூடையை இறக்குவேன். ஒரு நாள் காலிக் கிண்ணத்தை இறக்குறேன்னு மிச்சக் குழம்பை அவ தலையிலேயே கொட்டிட்டேன். தெருவே சிரிச்சுது. அவ அடிச்ச சீட்டியில மொத்த மாடியும் எட்டிப் பார்த்துது. அன்னிக்குப் பொறந்தவதான் கோமகி."

"எங்கிட்ட ஒரு தடவைகூட அடிச்சதில்ல" என்றார் தோகுஜி, புகார் சொல்வதுபோல.

"நீங்க மாடியில குடியிருந்திருக்க மாட்டீங்க."

தோகுஜிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா வாய்விட்டுச் சிரித்து நாவோ பார்த்து ரொம்ப நாளாயிற்று.

சிரிப்பு அடங்கியதும், "கட்டிக்கிறியான்னு கேட்டீங்களா?" என்றார் தோகுஜி மெதுவாக.

"கேட்டேன். 'நீங்க வரையுறப்ப நான் பேசுறது உங்க காதுல விழறதே இல்ல. நான் பேசாம இருக்க மாட்டேன்'னா. அந்த வசந்தத்துல ஊருக்கு வந்துட்டா. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா நினைவுலேர்ந்துதான் வரைஞ்சேன். என் சுமியேவுக்கு வயசே ஆகல." அவர் தோகுஜியின் முகத்தைப் பார்த்தார். "கடைசியில எப்படி இருந்தா?"

தோகுஜி கைப்பேசியை எடுத்தார். நாவோ அதை வாங்கிப் படத்தைத் தேடிக் கொடுத்தாள். சமையலறையில் சட்டைக் கையை மடித்துவிட்டு, நரைத்த தலையோடு, வாயைத் திறந்து படம் எடுப்பவரைத் திட்டிக்கொண்டிருக்கிறாள் சுமியே.

குராமொச்சி கண்ணுக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தார். "யாரைத் திட்டுறா?"

"என்னைத்தான்."

"கொடுத்து வெச்சவர்" என்று கைப்பேசியை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.

அதற்குப் பிறகு தோகுஜி தினம் காலையில் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தார். கிளம்பும்போது, வேலைக்குப் போகிற நாளில் சொன்னதுபோல, "போயிட்டு வரேன்" என்று சுமியேவின் படத்திடம் சொல்லிக்கொண்டார். வேலைக்குப் போகிற நாளில் பெருமூச்சோடு சொன்னது. இப்போது அவசரமாகச் சொன்னார். மழைக்காலம் தொடங்குவதற்குள் கண்காட்சி முடிந்துவிட்டது. படங்களைப் பெட்டியில் அடுக்கிவிட்டார்கள். அடுத்தது வடக்கே, செண்டாய் நகரம்.

"செண்டாய்க்கா?" என்றாள் நாவோ. "ஒரு நாள் பூரா ரயில்லப்பா. பார்த்த படங்கதானே எல்லாம்?"

"உங்கம்மாவையும் தினம்தான் பார்த்தேன். பார்த்தாச்சுன்னு விட்டேனா?"

மறுவாரம் கொக்குரா நிலையத்தில் நாவோ ரயிலில் ஏறிச் சோற்றுப் பொட்டலங்களை அவர் மடியில் வைத்தாள். ரயில் கிளம்பப் போகிறது, இறங்கு என்று அவர் சொல்ல வாயெடுத்தபோது, அவரை ஜன்னலோரம் நகரச் சொல்லிவிட்டுப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.