சொன்ன வேலையைச் செய்பவர்

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் ‘மாலை’ என்று பட்டப்பெயர். வேலை தேடுகிறவர்கள் தங்கள் பெருமையைக் கடைவிரிக்கும் இணையதளத்தில், யார் கேட்டாலும் கழுத்தில் மாலை போடுகிற மாதிரி பரிந்துரை எழுதிப் போட்டுவிடுவார். வாயைத் திறந்தால் பொய் சொல்லும் கணக்காளரை ‘நேர்மையின் இலக்கணம்’ என்றார். மேஜையிலேயே குறட்டை விடுகிற ஆளை ‘ஓயாத உழைப்பாளி’ ஆக்கினார். கேட்டால், “போற இடத்துல நல்லா இருக்கட்டுமே, நமக்கென்ன குறைஞ்சுபோகுது” என்பார். அந்தத் தாராள மனசு வீட்டில் வெங்காயம் உரிப்பதில் கிடையாது, அது வேறு கதை.

பார்சல் கம்பெனியில் புகார்ப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். ஆனால் பிரிவைத் தாங்கிக்கொண்டிருந்தவள் பக்கத்து மேஜைப் பெண். உடைந்த சாமானோடு கத்திக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைப்பாள். யாரையும் கேட்காமல் தானே ஒரு முடிவெடுத்து, சிரிக்கவைத்து அனுப்புவாள். இவரை வாய் நிறைய அண்ணா என்பாள். அவள் கணவருக்கு வேறு ஊரில் வேலை. குழந்தை அப்பாவை போனில் பார்த்தே வளர்ந்துகொண்டிருந்தது. கணவர் இருக்கும் ஊரிலேயே ஒரு நிறுவனம் மேற்பார்வையாளர் வேலைக்கு ஆள் தேடியது. “அண்ணா, எனக்கும் ரெண்டு வரி எழுதுங்க” என்று கேட்டாள்.

‘சொன்ன வேலையைச் சொன்னபடி செய்பவர். பணிவானவர்’ என்று எழுதினார். அவ்வளவுதான்.

பார்த்தால் பாராட்டு. ஆனால் ஒரு கூட்டத்தையே மேய்க்க ஆள் தேடுகிறவர் இதைப் படித்தால் அடுத்த ஆளைப் பார்ப்பார். அப்படியே ஆயிற்று.

அதற்குப் பிறகு இவருக்குச் சோறு இறங்கவில்லை. என்னவென்று துருவினேன்.

“அவ போயிட்டா அந்தக் கூச்சலை நான் எப்படிச் சமாளிப்பேன்? வேணும்னுதான் குறைச்சு எழுதினேன்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஊர்ல உள்ளவங்க எல்லாம் நல்லா இருக்கணும், அவ மட்டும் உங்க பக்கத்துலயே கிடக்கணுமா?”

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. கோபத்தோடு பாவமாகவும் இருந்தது எனக்கு.

அதே நிறுவனத்தில் இன்னொரு இடம் காலியாவதாகத் தெரிந்ததும் உட்கார்ந்து புதிதாக எழுதினார். அவள் தானாக எடுத்த முடிவுகள், அதனால் பிரச்சினை தீர்ந்த ஆட்கள், எதையும் விடவில்லை. ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்கு வரச்சொல்லிப் படிக்கக் கொடுத்தார். குழந்தை என் மடியில் இருந்தது.

அவள் படித்துவிட்டுச் சிரித்தாள். “என்னண்ணா, எல்லாருக்கும் எழுதுற மாதிரி எனக்கும் எழுதிட்டீங்க?”

“இல்லம்மா, இதுதான் நிஜம்.”

“எல்லாருக்கும் அள்ளி விட்டீங்க, முதல்ல எழுதினப்ப எனக்கு மட்டும்தான் உள்ளதைச் சொன்னீங்க. அதைப் படிச்சப்புறம்தான் என் அளவு எனக்கே தெரிஞ்சுது. இனிமே மேற்பார்வை வேலைக்கெல்லாம் நான் மனு போடப் போறதில்ல.”

“நீ போயிடுவியேன்னு பயந்து நான்தான் குறைச்சு எழுதினேன்மா. தப்புப் பண்ணிட்டேன்.”

“போங்கண்ணா. நீங்க அப்படிச் செய்யுற ஆளா? என் மனசு நோகக் கூடாதுன்னு பழியை உங்க தலையில போட்டுக்கிறீங்க.”

“அவர் சொல்றது உண்மைம்மா” என்றேன் நான்.

“நீங்களும் அண்ணாவுக்கு ஒத்து ஊதுறீங்களா, அண்ணி? இவர்கிட்ட வேலை பார்க்க நான் கொடுத்து வச்சிருக்கணும்.”

குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். “நாளைக்கு ஆபீஸ்ல பார்க்கலாம்ண்ணா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.