வேண்டாவின் பாத்தி

மாமல்லபுரம் கடலோர விடுதியின் மூலிகைத் தோட்டத்தில் சாலட்டுக்கான ராக்கெட் கீரை விதைத்த நாளிலிருந்து வேண்டாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. செய்யூர்ப் பக்கம் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்டுப் பழகியவள். இந்தக் கீரையோ முள்ளங்கித் தழையின் சாயலில் இருந்தது. கிள்ளி மென்றால் மிளகுக் காரம் மூக்கில் ஏறியது.

தலைமைச் சமையல்காரர் ஜெபசிங் கறாராகச் சொல்லிவிட்டார்: "அடுத்த சனிக்கு அடுத்த சனி விருந்து. இலை நல்லா வரலைன்னா பழையபடி சலவை ரூம்தான்."

சலவை அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆறு வருஷம் அந்த ஆவியில் விரிப்பு மடித்தவளுக்கு நினைத்தாலே மூச்சு முட்டியது. சாப்பிடும்போதுகூடப் பாதியில் எழுந்து போய்ப் பாத்தியைப் பார்த்துவிட்டு வந்தாள்.

புதன்கிழமை பஸ் தாமதம். வந்து பார்த்தால் பாத்தி மொட்டை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த கருங்குழி அருணகிரி, கையில் அரிவாளோடு நின்றிருந்தார்.

"இன்னா அண்ணாத்த இது! யாரு அறுக்கச் சொன்னது?"

"போர்டுல 'வேண்டா'ன்னு எழுதிகீதே. வேணாம்னா எடுக்கத்தானே?"

பாத்தியைப் பார்த்துக்கொள்பவரின் பெயரை எழுதி நடுவது அந்தத் தோட்டத்து வழக்கம். நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததற்கு வீட்டில் வைத்த பெயர், நாற்பது வயதில் வந்து கழுத்தை அறுத்தது.

"அது எம் பேருய்யா!"

"பேரா? புதினாவுல 'கல்யாணி'ன்னு இருந்துச்சு, தொட்டனா? இப்டி ஒரு பேர வச்சா மனுசன் இன்னாம்மா கண்டான்?" என்றவர் குனிந்தார். "கட்டையும் பிடுங்கிடட்டா?"

"கைய வச்ச, ஒடிச்சிடுவேன்!"

வேர் தப்பியிருந்தது. விரற்கடை உயரத்துக்குத் தண்டுகள் நின்றன. ஜெபசிங்கிடம் அவள் மூச்சுவிடவில்லை. தண்ணீர் தெளித்தாள், கீற்று சாய்த்து உப்புக்காற்றை மறைத்தாள். அலைகூட அந்த நாட்களில் காரணமில்லாமல் அவசரப்படுவதாகப் பட்டது. ஐந்தாம் நாள் குருத்துவிட்டது. பத்தாம் நாள், விருந்துச் சனிக்கிழமை, விரல் நீளத்துக்கு இலைகள்.

ஜெபசிங் ஒன்றைக் கிள்ளி மென்றார். "முன்ன பாத்தப்ப முரடா இருந்துச்சே. என்ன செஞ்சே?"

"அறுத்துவுட்டேன் சார்."

புதினாப் பாத்தியில் களையெடுத்துக்கொண்டிருந்த அருணகிரியின் தலை இன்னும் தாழ்ந்தது.

"நல்லாருக்கு. இனி நீ இங்கதான். வாராவாரம் சனிக்கிழமை இதே மாதிரி வேணும்."

அவர் போனதும் வேண்டா விரல் விட்டு எண்ணினாள்.

"அண்ணாத்த, மம்முட்டி எடு. பத்து நாள்ல வர்ற கீரைய ஏழு நாள்ல கேக்குறாரு. இன்னொரு பாத்தி போடணும், எழுந்திரு."